புளி போட்டுத் தேய்த்த மெழுகுவத்தி ஸ்டாண்டு

அதியமான்கோட்டை
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் தேன்மொழிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். அந்தக் குளிரில் நீயும் காதை மூடிக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் அப்பா பக்கத்தில் நின்று குறுக்கே குறுக்கே பேசி நடந்ததையே மாற்றிவிடுவார், அதனால்தான் ராகி மாவுப் பார்சலோடு இந்தக் கடிதம்.

உன் தோழி கவிப்பிரியா போன வாரம் வீட்டுக்காரரோடு ஒகேனக்கல் போகிற வழியில் நம் வீட்டுக்கு வந்தாள். பெங்களூரில் பழம்பொருளுக்கு விலை மதிப்பிடுகிற வேலை என்று நீ சொன்னபோது எனக்குப் புரியவில்லை, இப்போது கண்ணால் பார்த்துவிட்டேன். காபியைக் கையில் வாங்கினவள் குடிக்கவே இல்லை, டிவிக்குப் பக்கத்தில் இருக்கிற மெழுகுவத்தி ஸ்டாண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதுதான், கண்ணாடித் தொங்கல்களோடு இருக்குமே, சின்னதில் நீ ஆட்டி ஆட்டிச் சத்தம் கேட்பாயே, அது. அப்பாவும் உன் சித்தப்பா மாதவராஜும் சேர்ந்து பந்தல் சாமான் வாடகைக் கடை நடத்தின காலத்தில், மலையில் ஒரு எஸ்டேட் பங்களாவை இடித்தபோது நாற்காலிகளோடு ஏலத்தில் எடுத்தது. கவிப்பிரியா அதில் காந்தத்தை வைத்துப் பார்த்தாள், ஒட்டவில்லை, உள்ளே இரும்பு இல்லை பித்தளைதான் என்றாள். தொங்கலைக் கன்னத்தில் வைத்தாள், சில்லென்று இருக்கிறது, பிளாஸ்டிக் இல்லை என்றாள். பல்பு மாட்டுவதற்காக யாரும் இதில் ஓட்டை போடவில்லை, அதுவே பெரிய விஷயம் என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்புறம்தான் “இத எதுலம்மா தேய்ச்சீங்க?” என்று கேட்டாள். புளி போட்டு மாசாமாசம் தேய்ப்பேன் என்றேன். அந்தப் பெண்ணின் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். வருஷக்கணக்கில் தானாகப் படிந்த கறுப்புதான் பழசுக்குச் சாட்சியாம், அதை நான் தேய்த்துத் தேய்த்துக் கழுவி ஊற்றியிருக்கிறேன். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

அவள் அதைக் கவிழ்த்து அடியில் கீறியிருந்த ரெண்டு கோட்டைக் காட்டினாள். “ஒத்தக் கோடு போட்ட ஜோடி ஒண்ணு இருக்கணுமே, அது எங்கம்மா? தனியா வித்தா ஆட்டு வெல கூட வராது, ஜோடியா இருந்தா நல்ல கறவ மாட்டு வெல வரும்” என்றாள். அப்பாவின் சிரிப்பு நின்றுவிட்டது. நீ காலேஜ் சேர்ந்த வருஷம் கடையைப் பிரித்தபோது ஜமுக்காளம், அண்டா, கரண்டி எல்லாவற்றையும் பாதிப் பாதியாகப் பிரித்து, இதையும் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டார்கள். அதிலிருந்து மாரியம்மன் பண்டிகையில் எதிரே பார்த்தால்கூட அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. அப்பா அவளிடம் “அது எங்கியோ தொலைஞ்சு போச்சும்மா” என்றார். எனக்கு அது பொறுக்கவில்லை. சமையலறைக்குப் போய் உன் சித்தி சோபனாவுக்குப் போன் போட்டேன். நாங்கள் ரெண்டு பேரும் அவ்வப்போது பேசிக்கொள்வது உனக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியாது. “அது பரண் மேல கெடக்குதுங்கக்கா, தூசி கூடத் தட்டல” என்றாள். விஷயத்தைச் சித்தப்பாவிடம் சொல்லச் சொல்லி வைத்தேன்.

கவிப்பிரியா சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் சித்தப்பா பென்னாகரத்திலிருந்து வண்டியில் வந்து இறங்கிவிட்டார். ஸ்டாண்டைத் துண்டில் சுற்றிப் பச்சைப்பிள்ளை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார், உள்ளே வரவில்லை. அப்பா எழுந்து போனார், நானும் பின்னாலேயே போனேன். அப்பா அந்தத் துண்டைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், “வெயில்ல ஏன்டா நிக்கற, உள்ள வா” என்றார். அவ்வளவுதான், அத்தனை வருஷம் அத்தோடு முடிந்தது. துண்டைப் பிரித்தால் கறுகறுவென்று ஒற்றைக் கோட்டோடு இருந்தது. கவிப்பிரியா, சித்தி சோம்பேறியா இருந்ததுதான் நல்லதாப் போச்சு என்றாள், எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். தேய்த்ததை இனித் தொடக்கூடாதாம், விட்டுவிட்டால் மெல்ல மெல்லத் தானே கறுக்குமாம்.

இப்போது வேறு கூத்து. ஜோடியைப் பிரிக்கக் கூடாது என்று அப்பா ரெண்டையும் தம்பி வண்டியிலேயே ஏற்றி அனுப்பினார். மறுநாள் காலையிலேயே சித்தப்பா ரெண்டையும் கொண்டுவந்து, “அண்ணன் வூட்ல இருக்கறதுதாங்க மொற, அண்ணி” என்று வைத்துவிட்டுப் போனார். சாயந்திரம் அப்பா அவற்றைப் பையில் போட்டுக்கொண்டு பென்னாகரம் பஸ் ஏறிவிட்டார். இப்படியே போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கின்றன, விற்பதைப் பற்றி யாரும் பேசக் காணோம். போன இடத்தில் அப்பா சாப்பிட்டுவிட்டு வருகிறார், எனக்கு ராத்திரிச் சமையல் மிச்சம்.

ராகி மாவைக் காற்றுப் புகாத டப்பாவில் கொட்டி வை, வேலை வேலை என்று வெறும் பிரெட்டைத் தின்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. முக்கியமானது ஒன்று இருக்கிறது. முதல் நாள் சித்தப்பா போகும்போது, “தேனு இன்னும் பாலுல ஆடையக் கண்டா ஓடுதுங்களா அண்ணி?” என்று கேட்டார். கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் வண்டியைக் கிளப்பிவிட்டார். பிரிந்தது பெரியவர்கள்தானே, உனக்கு என்ன வந்தது. அவர் நம்பர் பழைய நம்பரேதான், மாற்றவில்லையாம். இன்றைக்கே கூப்பிட்டுப் பதிலை நீயே சொல்லிவிடு.

எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் கும்பிடுகிற

உன் அம்மா,
நிர்மலாதேவி