ஊசிக்கு அடியில் ரவூஃப்

அலெக்சாந்திரியா,
1987 மார்ச் 4

அன்புப் பேரன் ஹாஸிமுக்கு, அல்லாஹ் உன்னைக் காக்கட்டும்.

நீ அனுப்பிய பெட்டியை மாட்டிய அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள்: நான், என் நாத்தனார் இன்ஸாஃப், ரேடியோ பழுது பார்க்கும் பக்ரி, கூப்பிடாமலே வந்த உன் அம்மா கத்ரிய்யா. என் மகனுக்காக அழுத கண் காயும் முன்பே ஒரு தச்சனுக்கு வாழ்க்கைப்பட்டவள், வந்து நடு சோபாவில் உட்கார்ந்தாள்.

நான் புதிதாக வாங்கிய ரிக்கார்டு பிளேயரின் மெல்லிய ஒலியைப் பெருக்க நீ கையால் செய்து அனுப்பிய பெட்டி பத்திரமாக வந்தது. நீ எழுதியபடியே பக்ரி அதை பிளேயருக்கும் ரேடியோவுக்கும் நடுவில் மாட்டினான். வீட்டில் இருக்கும் ஒரே இசைத்தட்டு உன் அப்பாவுடையதுதானே. போருக்குப் போகும் முன் ரவூஃப் ஒரு கடையில் பேசிப் பதிந்து கொடுத்தது. நீ பிறக்கும் முன்பே பழைய பிளேயர் உடைந்த நாள் முதல் துணியில் சுற்றி வைத்திருந்தேன். அதைப் போட்டோம்.

தேன்கூடு கலைந்த மாதிரி இரைச்சல். அதற்கு அடியில் எங்கேயோ, "யம்மா, வெள்ளிக்கிழமை வந்துருவேன், மீன் வறுத்து வை" என்று என் பிள்ளை.

"கம்பிய மாத்திப் பாருடா," என்றாள் இன்ஸாஃப்.

"நீங்க வெங்காயத்த உரிங்க, கம்பிய நான் பாத்துக்கறேன்," என்றான் பக்ரி.

பிளேயரிலிருந்து வந்து, எதில் மாட்டுவதென்று தெரியாமல் மிஞ்சிய பச்சைக் கம்பியைத் தண்ணீர்க் குழாயில் சுற்றினான். இரைச்சல் கூடியதுதான் மிச்சம். ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி, தட்டைப் போட்டுப் போட்டுப் பார்க்கிறோம். தினமும் இதே வேலை. எனக்கு வலது காது போய்விட்டது, இடதும் மங்குகிறது. அதுவும் அடைபடும் முன் அவனை ஒரு முறை தெளிவாகக் கேட்டுவிட வேண்டும். சீக்கிரம் எழுது, கண்ணே.

உன் பாட்டி
நபீஹா


ஹாம்பர்க்,
1987 மார்ச் 19

என் உயிர்ப் பாட்டிக்கு,

தட்டைப் போடாதீர்கள். அது கடையில் விற்கும் தட்டு மாதிரி இல்லை, மேலே மெல்லிய பூச்சுதான். ஓடும்போதெல்லாம் ஊசி குரலைச் சுரண்டும். இரைச்சலைச் சோதிக்கத் தட்டே வேண்டாம், ஊசியைத் தூக்கியே வைத்திருந்தாலும் அது கேட்கும். பச்சைக் கம்பியைக் குழாயிலிருந்து எடுத்து, பெட்டியின் பின்னால் இருக்கும் திருகில் இறுக்கச் சொல்லுங்கள்.

ஜூனில் வருகிறேன். அப்பா போனபோது நான் வயிற்றில் இருந்தேன். அவர் குரலை இன்னும் கேட்டதில்லை. அதற்காகத்தான் பெட்டியே செய்தேன்.

உங்கள்
ஹாஸிம்


அலெக்சாந்திரியா,
1987 ஏப்ரல் 6

ஹாஸிமுக்கு,

பக்ரி கம்பியைத் திருகில் இறுக்கினான். இரைச்சல் நின்றது. தெருவில் குதிரை வண்டி போவது எனக்கே கேட்டது. ஊசியை இறக்கினோம். மணலைக் கொட்டுவது போல ஒரு சரசரப்பு. அவ்வளவுதான்.

"சத்தத்தக் கூட்டுடா," என்றேன். கூட்டினான். மணல்தான் கூடியது.

"பெட்டி நல்லாத்தான் இருக்கு பெரியம்மா. தட்டுலதான் ஒண்ணுமில்ல."

கத்ரிய்யா தரையில் உட்கார்ந்து அழுதாள். "அந்த இரைச்சலே இருந்திருக்கலாம், மாமி," என்றாள். அவள் முகத்தை என் முக்காட்டால் துடைத்துவிட்டேன். அவள் மேல் இத்தனை வருஷம் வைத்திருந்த கோபத்தை அன்றோடு விட்டேன். பக்ரியையும் மன்னித்தேன், தட்டு தேயும் என்று அவனுக்குத் தெரியாது.

உனக்குத் தெரியும். பெட்டியோடு வந்த கடிதத்தில் எந்தக் கம்பி எந்த ஓட்டையில் என்று படம்கூடப் போட்டிருந்தாய். ஊசி சுரண்டும் என்று ஒரு வரி இல்லை. ஜூனில் வந்தால் உன் அம்மா வீட்டில் தங்கு. என் கதவைத் தட்டாதே.

நான் மன்னிக்காத ஒரே ஆள், ரவூஃபின் மகன் ஹாஸிம்.