கூட்டம் என்றால் எல்லாக் கூட்டமும்தான்

கூடப் பிறந்த பாசம் மாறாமல், கருப்பையா அண்ணனுக்கு உன் தங்கை எழுதுவது.

நீ போய் வருடங்கள் ஓடிவிட்டன. சொல்வதற்கு நல்ல சேதி ஒன்று வரட்டும் என்று காத்திருந்தேன். பஞ்சாயத்தில் டி.வி. பெட்டி வாங்கி வைத்திருக்கிறார்கள், காலனிக்குத் தெருவிளக்கு வந்திருக்கிறது. மற்றபடி கல்லுப்பட்டிப் பக்கம் மறுபடியும் காலரா. நம் காளியம்மன் பொங்கலுக்கு மறுபடியும் தடை.

நீ அந்தக் கோயிலின் பூசாரி. ஊர்க் கோயில் வாசலைத் தாண்ட விடாத நம் ஜனத்துக்கு இருந்த ஒரே கோயில் அது. நீ போன அந்த வருடம் தாசில்தார் ஜீப்பில் வந்து, நோய் பரவுகிறது, திருவிழா கிடையாது, கோயிலில் ஆள் கூடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

"நோய் வந்த நேரத்துலதானய்யா ஆத்தாவக் கூப்பிடணும்? இப்பக் கூப்பிடாம எப்பக் கூப்பிடுறது?" என்றார் நம் சின்னையா. நீதான் நடுவில் வந்தாய்.

"ஆத்தா எங்கயும் போயிர மாட்டா சின்னையா. பச்சப்புள்ளைகதான் போயிரும். இந்த வருசம் நான் ஒத்தையா விளக்கப் போட்டுர்றேன். கோவிச்சா என்னையக் கோவிக்கட்டும்."

ஜனம் உன் பேச்சைக் கேட்டது. கட்டிய காப்பை அவிழ்த்தது. அது எவ்வளவு பெரிய காரியம் என்று ஜீப்பில் வந்தவருக்குத் தெரியுமா?

அடுத்த வாரம் காலனிக்குள் லாரிகள் வந்தன. யாரோ ஒரு கட்சித் தலைவர் மதுரைக்கு வருகிறாராம், கூட்டத்துக்கு ஆள் வேண்டுமாம். கூடவே போலீசும் வந்தது. நீ முதல் லாரிக்கு முன்னால் போய் நின்றாய். நானும் அண்ணியும் தெருமுனையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

"சாமி கும்பிடக் கூடினா நோய் வரும். தலைவரப் பாக்கக் கூடினா வராதாங்கய்யா?" நீ சத்தம் போடவில்லை. கையைக் கட்டிக்கொண்டுதான் கேட்டாய்.

ஏட்டு உன் சட்டையைப் பிடித்தார். "தடை உத்தரவு இருக்கையில மறியலாடா பண்ற?"

தடையை மதித்தவன் நீ. மீறினாய் என்று உன்னைத்தான் கொண்டுபோனார்கள். லாரிகள் நிறைந்து, கொடி கட்டிக்கொண்டு கிளம்பின.

இரண்டு நாள் ஸ்டேஷனில் வைத்திருந்து வெளியே விட்டார்கள். வீட்டுக்கு வந்த சாயங்காலமே உனக்கு வாந்தி. வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே அடங்கிவிட்டாய். ஸ்டேஷன் பானைத் தண்ணீரா, நம் கிணற்றுத் தண்ணீரா, எது உன்னைக் கொன்றது? எவரும் விசாரிக்கவில்லை.

உன்னை எடுக்கும்போதும் போலீஸ் வந்தது. "தூக்க நாலு பேர் போதும். மத்ததெல்லாம் வீட்டுக்குப் போ." கோச்சடையிலிருந்து ஓடி வந்த மாமாவைத் தெருமுனையிலேயே திருப்பி அனுப்பினார்கள். லாரியில் எத்தனை பேர் ஏறினார்கள் என்று யாரும் எண்ணவில்லை, அண்ணே. உன் பாடைக்குப் பின்னால் மட்டும் எண்ணினார்கள்.

நான் இப்போது பசுமலையில் ஒரு விடுதியில் சமைக்கிறேன். தடை என்று கேள்விப்பட்டு நேற்று ஊருக்கு வந்தேன். உன் மகன் வளர்ந்து ஆளாகிவிட்டான். வாசலில் நின்று என்னை மறித்தான்.

"எங்கப்பா சொன்னதக் கேட்டு அன்னைக்கு அம்புட்டுப் பேரும் அடங்குனாகல்ல அத்த? என்ன கெடச்சுச்சு? இந்த வருசம் பொங்கல் வச்சே தீருவோம்."

"வேணாம்யா. காலரா பொய்யில்ல. உங்கப்பா அதுலதான் செத்தாரு."

"அப்ப பஸ் ஸ்டாண்டுல மேடை போடுறாகளே, அது?"

அங்கே எலக்‌ஷன் கூட்டத்துக்குப் பந்தல்கால் நட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு எழுந்தாள். "தாலுகா ஆபீசுக்குப் போவோமா பேச்சி?" என்றாள்.

நாளைக் காலையில் காலனிப் பெண்களோடு போகிறோம். தடையை எடுக்கச் சொல்லப்போவதில்லை. அதே தடையை அந்த மேடைக்கும் போடுங்கள் என்று கேட்கப்போகிறோம். மேடையைப் பிரிக்கட்டும், நாங்களும் அவரவர் வாசலிலேயே பொங்கல் வைத்துக்கொள்கிறோம் என்று உன் மகனும் ஒத்துக்கொண்டிருக்கிறான்.

கூட்டமாக வரக் கூடாது என்று அங்கேயும் மறிப்பார்கள். மறிக்கட்டும். ஒவ்வொருத்தியாக உள்ளே போவோம். நீ கேட்டதையே ஒவ்வொருத்தியும் கேட்போம். பதில் வாங்காமல் நான் திரும்ப மாட்டேன், அண்ணே. இது சத்தியம்.

உன் ரத்தம்,
தங்கச்சி முத்துப்பேச்சி