இருநூற்றுப் பதின்மூன்றாம் நாடா

ஜூன் 3

அன்புள்ள வாயாடிக்கு,

நானும் உன் அத்தையும் நலம். நீ நலமா என்று கேட்கும் மனநிலையில் நான் இல்லை. இருந்தாலும் கேட்டு வைக்கிறேன்.

உன் ஆராய்ச்சியின் மூன்றாம் அத்தியாயத்தை உன் அம்மாவுக்கு அனுப்பியிருந்தாய் அல்லவா, அது என் கைக்கு வந்தது. "தம்பி, உன் கடை கேசட்டைப் பத்தித்தான் ஏதோ எழுதியிருக்கா, படிச்சுப் பாரு" என்று அக்கா பெருமையாக நீட்டினாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்துக்கு அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரிப் பொடி எழுத்து. பாடியவர் யார், எந்த வருஷம், 'பல்கலைக்கழக நூலகம், ஒலிநாடா எண் 213, நிமிடம் பதினான்கு, நொடி இருபது.'

நொடிக்கு இடம் இருக்கிறது, மாமனுக்கு இடம் இல்லை! நூலகமா போய் மைக்கைப் பிடித்தது? நூலகமா பாடிய அந்த வெண்கலத் தொண்டைக்காரரின் எதிரில் மூன்று மணி நேரம் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தது? கேசட் கடையை மூடியபோது நாற்பது நாடாக்களையும் தலைச்சுமையாகக் கொண்டுபோய் அங்கே கொடுத்தவன் நான். (வண்டியில்தான் போனேன். ஆனால் படி ஏறியது தலைச்சுமையோடுதான்.) வாங்கிக்கொண்ட நூலகர் என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். அவருக்கு இருந்த நன்றி சொந்த அக்கா மகளுக்கு இல்லை.

நான் எட்டாவதோடு நின்றவன்தான். அதற்காகப் பதிவு செய்தவன் பெயரை எழுதக் கூடாது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? பதில் போடு.

கோபத்துடனும் ஆசியுடனும்,
உன் தாய்மாமன்


ஜூன் 9

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். உங்கள் கோபம் நியாயமானதுதான். ஆனால் நாடாவின் அட்டையில் பாடியவர், தேதி, அரங்கம் எல்லாம் உங்கள் கையெழுத்தில் இருக்கின்றன. பதிவு செய்தவர் பெயரை மட்டும் நீங்களே எழுதவில்லை. அட்டையில் இல்லாததை நான் எப்படி எழுதுவேன்? இப்போது நீங்கள் விவரம் எழுதி அனுப்பினால் அதையே ஆதாரமாகக் காட்டிச் சேர்த்துவிடுகிறேன்.

எனக்கும் அது தேவைதான். அந்த அத்தியாயமே உங்கள் இரண்டு நாடாக்களின் மேல் நிற்கிறது. 212-ஆம் நாடா 1979, 213-ஆம் நாடா 1986 என்று அட்டையில் இருக்கிறது. ஏழு வருஷ இடைவெளியில் எல்லோருக்கும் குரல் இறங்கும். அவருக்கோ அரைச் சுருதி ஏறியிருக்கிறது, நடையும் வேகமாகியிருக்கிறது. முதுமையோடு சண்டை போட்டுத் தன் பாணியையே மாற்றிக்கொண்டார் என்று நாற்பது பக்கம் எழுதியிருக்கிறேன். "இதுவரை யாரும் கவனிக்காதது" என்று என் பேராசிரியர் பாராட்டினார்.

ஜூலை பதினைந்தில் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். இரண்டு நாளும் எங்கே உட்கார்ந்தீர்கள், என்ன மெஷின், என்ன கேட்டது என்று விவரமாக எழுதுங்கள். அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாயாடி


ஜூன் 14

அன்புள்ள மருமகளே,

இப்போதுதான் நீ படித்த பிள்ளை மாதிரிக் கேட்கிறாய். எழுதிக்கொள்.

1979. அரங்கத்தில் எள் போட இடமில்லை. என்னைப் பார்த்ததும் வெண்கலத் தொண்டைக்காரரே மேடையிலிருந்து, "கேசட் கடைக்காரருக்கு வழி விடுங்கப்பா, அவர் வந்தாத்தான் எனக்குப் பாட்டே வரும்" என்றார். மூவாயிரம் பேர் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாம் வரிசை, இடது ஓரம். குடைக் கம்பியில் மைக்கைக் கட்டிப் பிடித்தேன்.

1986. அதே அரங்கம், அதே மூன்றாம் வரிசை, அதே குடை. அன்று அவர் என்னைக் கட்டிப்பிடித்து, "இன்னும் உயிரோடதான் இருக்கீங்களா?" என்று கேட்டார். நான், "நீங்க பாடற வரைக்கும் எமனுக்கு என் விலாசம் கிடைக்காது" என்றேன். சிரித்துச் சிரித்து அவருக்குப் புரை ஏறிவிட்டது.

ஆதாரம் வேண்டுமா? மேடைக்கு மேலே ஒரு மின்விசிறி. அதற்கு எண்ணெய் போட அரங்கச் செயலாளருக்குக் கை வராது. இரண்டு நாடாவிலும் காதைத் தீட்டிக் கேள், கீச், கீச் என்று கேட்கும். நான் அங்கே இருந்ததற்கு அதைவிட என்ன சாட்சி?

பெயரைப் பெரிய எழுத்தில் போடச் சொல். உன் அத்தைக்குக் கண் சரியில்லை.

பெருமையுடன்,
உன் தாய்மாமன்


ஜூன் 22

மாமாவுக்கு,

விசிறியைக் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

212-இல் அது ஒரு சுருதியில் கீச்சிடுகிறது. 213-இன் கடைசியில் சரியாக அரைச் சுருதி ஏறிக் கீச்சிடுகிறது. பாட்டுக்குப் பாட்டு அவர் குரல் ஏற ஏற விசிறியும் கூடவே ஏறுகிறது. ஏழு வருஷத்தில் பாடகருக்கு இளமை திரும்பியது என்று எழுதினேன். விசிறிக்கும் திரும்பியதா, மாமா?

இரண்டு வருஷ உழைப்பு இது. அட்டையில் உங்கள் கையெழுத்து என்பதால் நான் சந்தேகப்படவே இல்லை. வேறு யார் எழுதியிருந்தாலும் நூறு கேள்வி கேட்டிருப்பேன். அத்தியாயத்தை எடுத்துவிட்டேன். மூன்று மாத அவகாசம் கேட்டபோது பேராசிரியர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மற்ற நாடாக்களையும் நம்பலாமா என்று தெரியாமல் மீதி அத்தியாயங்களும் தொங்குகின்றன.

கதை வேண்டாம். கட்டிப்பிடித்தது வேண்டாம். இரண்டு கச்சேரியா, ஒன்றா? ஒரு வரி போதும்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகள்


ஜூலை 2

அன்புள்ள வாயாடிக்கு,

ஒரு வரியில் எழுதத் தெரிந்திருந்தால் நான் ஏன் இப்படி இருக்கிறேன்? பத்து நாளாக எழுதிக் கிழித்தேன்.

முதலில் உன் பேராசிரியர். காது இருக்கிற மனுஷன் விசிறியை விட்டுவிட்டு உன்னைப் பாராட்டிவிட்டு, இப்போது முகத்தைத் திருப்புகிறாரா? கூட்டிக்கொண்டு வா, நான் பேசுகிறேன்.

சரி. ஒரே கச்சேரி. 1979.

பாதியில் மெஷினில் பேட்டரி செல் இறங்கிவிட்டது. செல் இறங்கினால் நாடா மெதுவாக ஓடிப் பதியும். அதை நல்ல மெஷினில் போட்டால் பாட்டு ஓட்டம் பிடிக்கும், குரல் ஏறும். அவ்வளவுதான் அவருடைய இளமை. முதல் பாதிக்கு எடுத்த நகல்கள் உடனே விற்றுப்போயின. 'மிச்சப் பாதி' என்று எழுதிய நாடாவை யாரும் தொடவில்லை. ஏழு வருஷம் இழுப்பறையில் கிடந்தது. ஒருநாள் அந்த அட்டையைக் கிழித்துவிட்டு அன்றைய தேதியைப் போட்டு வைத்தேன். நகல் வாங்கிய ஒருவர், "பரவாயில்லையே, மனுஷனுக்கு வயசே ஆகலை!" என்றார். நானும், "ஆமா சார், தினமும் வெந்நீர்ல தொண்டையை நனைப்பாராம்" என்றேன். அவர் போய் ஊர் முழுக்கச் சொன்னார். யாருக்கு என்ன கெட்டுப்போயிற்று என்று நினைத்தேன். நீ பிறந்து, படித்து, நொடிக் கணக்குப் பார்ப்பாய் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அவர் என்னைக் கட்டிப்பிடித்ததும் இல்லை. என்னை அவருக்குத் தெரியாது. உட்கார்ந்தது கடைசி வரிசை.

நாற்பதில் பதினோரு தேதி உண்மை. 213 பொய். மீதி இருபத்தெட்டும் வாங்க வந்தவர் முகத்தைப் பார்த்து எழுதியவை. நாற்பதுக்கும் பட்டியல் எழுதி வைத்திருக்கிறேன். எழுதும்போது உன் அத்தை எட்டிப் பார்த்து, "என்னங்க, ஒரே வார்த்தையையே திரும்பத் திரும்ப எழுதறீங்க? கொஞ்சம் மாத்தி எழுதக் கூடாதா?" என்றாள். "சும்மா இரு, இது ஆராய்ச்சி" என்றேன்.

இந்தக் கடிதத்தைப் பேராசிரியரிடம் காட்டு. தப்பு என் பெயரில் இருக்கட்டும். மேலே போட்டிருக்கும் தேதி சரியானது. நாட்காட்டியைப் பார்த்துத்தான் எழுதினேன்.

உன் தாய்மாமன்

201. உண்மை. கல்யாண மண்டபம்.
202. தெரியாது.
203. தெரியாது.
204. உண்மை. உன் அம்மாவும் வந்திருந்தாள், அவளைக் கேள்.
205. தெரியாது.
206. தெரியாது. (நல்ல கதை ஒன்று இருக்கிறது. எழுதவில்லை.)
207. தெரியாது.

மீதி பின்பக்கம்.