ஹாலில் இருக்கும் வேன் சீட்டு

ஏங்க,

சாப்பாடு மேசைமேல் மூடி வைத்திருக்கிறேன். ஒரு ஆளுக்குத்தான்.

ஹாலில் கிடக்கும் நம் கேம்பர் வேனின், டிரைவருக்குப் பக்கத்து சீட்டைப் பார்த்து மிரள வேண்டாம். நீங்கள் முடிவெட்டப் போன நேரத்தில் மெக்கானிக்கும் அவர் தம்பியும் வந்து, அதைக் கழற்றி, அடியில் செத்துக் கிடந்த பேட்டரியை மாற்றிவிட்டார்கள். சாவியைத் திருப்பியதும் வண்டி கிளம்புகிறது.

ஞாயிற்றுக்கிழமை நாமே கழற்றப் பார்த்தோமே. அத்தனை கனமான சீட்டை நான் தூக்கிப் பிடித்திருந்தேன். "விட்டுடாத" என்று சொல்லிவிட்டு நீங்கள் போனை எடுத்தீர்கள். உங்கள் சிநேகிதரிடம், "நமக்கு ஜாக்கி எதுக்குய்யா? அதான் எருமை ஒண்ணு நிக்குதே!" என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தீர்கள்.

இன்று மெக்கானிக், "சீட்டைத் திருப்பி மாட்டிடவாம்மா?" என்று கேட்டார்.

"வேணாம். பக்கத்துல யாரும் உக்காரப் போறதில்ல. ஹால்ல வச்சிடுங்க" என்றேன்.

நாம் வேனிலேயே தங்கிப் போவதாக இருந்த பத்து நாள் பயணத்துக்கு நான் மட்டும் கிளம்புகிறேன். மதியம் நம்மை வழியனுப்ப உங்கள் சிநேகிதர் வருவார். நான் எங்கே என்று கேட்டால், எருமை கயிற்றை அறுத்துக்கொண்டது என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அதற்கும் சிரிப்பார்.

சொல்ல விட்டுப்போனது: உங்கள் முதுகுவலி மாத்திரை வண்டியில் இருக்கிறது. எடுத்து வைக்கலாம் என்றுதான் நினைத்தேன். இதை எழுதவே நேரம் சரியாகப் போய்விட்டது.