படத்தின் ஓரத்தில் ஒரு சேலை

உ

கார்ல்ஸ்ரூஹே,
18.10.1970

அன்புள்ள சாந்தா அக்காவுக்கு,

கப்பலை விட்டு இறங்கி மூன்று நாளாகியும் தரை ஆடுகிற மாதிரியே நடந்துகொண்டிருக்கும் உன் தங்கை நாகு வணக்கத்துடன் எழுதுவது. நானும் உங்கள் வீட்டு மாப்பிள்ளையும் சுகம். அத்தானுக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது? பிள்ளைகள் நால்வருக்கும் தீபாவளிக்குத் துணி எடுத்தாயிற்றா? இந்தக் கடிதம் தீபாவளிக்கு முன்னால் திருநெல்வேலி வந்து சேர வேண்டும் என்று வந்ததும் வராததுமாக உட்கார்ந்து எழுதுகிறேன். துவைக்க வேண்டிய துணி மூட்டையாகக் கிடக்கிறது.

நீ எதற்காகத் தபால்காரரை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். சின்னவள் சியாமளாவை எங்களுக்கே கொடுத்துவிடுவதாக ஆவணியில் எழுதியிருந்தாய். டிசம்பரில் ஊருக்கு வரும் ஸ்டுட்கார்ட் பாலச்சந்திரனும் அவர் மனைவியும் திரும்பும்போது கூடவே அனுப்பிவைக்கிறேன், சம்மதமா என்று கேட்டிருந்தாய். பயணம் போய்விட்டு வந்து பதில் எழுதுகிறேன் என்று ஒரு கார்டு மட்டும் போட்டேன். அதற்காகக் கோபித்துக்கொண்டிருப்பாய். பயணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன் அக்கா. பதிலும் அதற்குள்ளேதான் இருக்கிறது.

மே மாதம் மூன்றாவது தடவையும் ஆஸ்பத்திரியிலிருந்து வெறும் கையோடு வந்ததை உனக்கு எழுதியிருந்தேன். இனிமேல் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு எனக்குச் சோறும் இறங்கவில்லை, தூக்கமும் வரவில்லை. கடல் காற்று பட்டால் தேவலை என்று அதே டாக்டர் சொல்ல, ஒரு குடை வாங்க நாலு கடை ஏறி இறங்குகிற மனிதர் மறுநாளே கப்பலுக்குப் பதிவு செய்துவிட்டு வந்து நின்றார். ஸ்பெயின், மொராக்கோ, போர்ச்சுக்கல் என்று சுற்றி வருகிற கப்பல். அக்டோபரில் கூட்டம் இருக்காதாம்.

ஜெனோவா வரை ரயில். அங்கே கப்பலைப் பார்த்ததும் அண்ணாந்தபடியே நின்றுவிட்டேன். நம் பெரிய கோயில் கோபுரத்தைப் படுக்க வைத்தாற்போல அத்தனை பெரிது. சாப்பாட்டு விஷயத்தைக் கேட்டால் சிரிப்பாய். நாங்கள் சைவம் என்று இவர் ஆராய்ச்சிக் கட்டுரை படிப்பது போல விளக்கினார். சமையல்காரர் எல்லாம் கேட்டுக்கொண்டு, எங்கள் மேல் இரக்கப்பட்டு, வேளைக்கு ஒரு முட்டை அனுப்பினார். நான் கொண்டுபோன பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும்தான் காப்பாற்றின. பார்சலோனாவில் சேலையைப் பார்த்து நாலு பேர் பின்னாலேயே வந்தார்கள். மலகாவில் தெருவோரம் பலாக்கொட்டை மாதிரி சுட்டு விற்ற கஷ்கொட்டையை இவர் கோட்டுப் பை நிறைய வாங்கித் தின்றார். இவர் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுநாள் ஆயிற்று.

கப்பலில் சாப்பாட்டு மேசையை அவர்களே ஒதுக்கிவிடுகிறார்கள். கடைசி நாள் வரை அதே முகங்கள்தான். எங்கள் மேசையில் ஒரு இளம் தம்பதி. டீட்டர் என்று அவன், ஸ்டுட்கார்ட்காரன். அவள் ஹெல்கா, வியன்னாவில் பிறந்தவள். முதல் நாளே, உங்களுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று ஹெல்கா கேட்டாள். இருக்கிறாள், ஒரு பெண், சியாமளா, நாலு வயது என்று என் வாய் சொல்லிவிட்டது. சொன்னதோடு விட்டேனா, நீ அனுப்பிய போட்டோவையும் கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். நம் ஊரில் அக்கா பெண்ணை என் பெண் என்றால் யார் குற்றம் சொல்லப் போகிறார்கள்? இவர் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார், நிமிர்ந்தே பார்க்கவில்லை. அறைக்கு வந்த பிறகுதான், சொல்லிட்டேல்லா, இனி அது நம்ம பிள்ளைதான் என்றார். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன் அக்கா.

காசாபிளாங்கா சந்தையில் நம் உப்பு எலுமிச்சை ஊறுகாய் அப்படியே ஜாடி ஜாடியாக இருந்தது. இவர் அங்கேயே நின்று ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். மருதாணி விற்கிற ஒருத்தி என் கையைப் பிடித்துப் பார்த்தாள். பாஷை தெரியாது. கையைத் தொட்டில் போல ஆட்டி, எத்தனை என்று கேட்டாள். நான் ஒரு விரலைக் காட்டினேன். அவள் என் உள்ளங்கையில் ஒரு பூவை வரைந்து, காசு வாங்க மாட்டேன் என்று விட்டாள். அங்கேயே உன் பெண்ணுக்கு ஒரு ஜோடி சிவப்புத் தோல் செருப்பு வாங்கினேன். உன் பெண்ணுக்கு என்று இப்போதுதான் எழுதுகிறேன். வாங்கும்போது அப்படி நினைக்கவில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டில் அந்தச் செருப்பை ஹெல்காவிடம் காட்டினேன். பெண்ணை ஏன் கூட்டி வரவில்லை, எங்கே இருக்கிறாள் என்று கேட்டாள். இந்தியாவில் என் அக்கா வீட்டில் என்றேன். அது உண்மைதானே. அவள் முகம் வெளுத்துப்போயிற்று. கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தன் கதையைச் சொன்னாள்.

சண்டை முடிந்து வியன்னாவில் பட்டினி கிடந்த பிள்ளைகளை மாதா கோயில்காரர்கள் ரயிலேற்றிப் போர்ச்சுக்கலுக்கு அனுப்பினார்களாம், அங்கே நல்ல வீடுகளில் இருந்து தேறி வரட்டும் என்று. ஆறு வயது ஹெல்காவும் போயிருக்கிறாள். லிஸ்பனில் அமேலியா என்று பிள்ளையில்லாத ஒரு அம்மாள், தங்கமாக வளர்த்தாளாம். எலேனா என்று பெயர் வைத்தாளாம். ஒரு வருஷம் கழித்து வியன்னா ஸ்டேஷனில் இறங்கியபோது ஹெல்காவுக்கு ஒரு வார்த்தை ஜெர்மன் தெரியவில்லை. ஓடி வந்து கட்டிக்கொண்ட பெற்ற தாயைப் பார்த்து, இந்தப் பொம்பளை யார் என்று போர்ச்சுக்கீஸ் பாஷையில் கத்தியிருக்கிறாள். அம்மா சாகிற வரை அந்த ஒரு நிமிஷத்தை மறக்கவில்லையாம். இதைச் சொல்லிவிட்டு ஹெல்கா என் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். உங்கள் அக்கா எவ்வளவு நல்லவளாக இருந்தாலும் சரி, பிள்ளை அங்கே இருக்கக் கூடாது, உங்களை மறப்பதற்குள் போய்க் கூட்டி வந்துவிடுங்கள் என்றாள். எனக்கோ, திருடனைப் பிடித்து, உன் வீட்டில் திருடு போகாமல் பார்த்துக்கொள் என்றாற்போல இருந்தது.

லிஸ்பனில் எங்களை இறங்க விடவில்லை. கோவாவை நாம் எடுத்துக்கொண்டதிலிருந்து நம் பாஸ்போர்ட்டைக் கண்டால் அவர்களுக்கு ஆகாது. எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது, ஹெல்கா என்னையும் கூட்டிப்போய்க் காட்டுவதாகச் சொல்லியிருந்த அந்த அம்மாளைப் பார்க்க வேண்டியதில்லையே என்று. ஆனால் ஹெல்கா கரைக்குப் போய் அவளைக் கையோடு கப்பலுக்கே அழைத்து வந்துவிட்டாள். கறுப்பு உடுத்த குட்டையான அம்மாள். எலேனா, எலேனா என்று நொடிக்கொரு தரம் இவள் கன்னத்தைத் தொட்டுக்கொண்டே இருந்தாள். இவர் அறையில் தூங்கிக்கொண்டிருந்தார்; டீட்டரும் சேர்ந்து நாலு பேருமாகக் காப்பி குடித்தோம். அவள் பேசுவதை ஹெல்கா எனக்கு ஜெர்மனில் சொன்னாள். இவள் திரும்பிப் போகவே கூடாது என்று அந்த வருஷம் முழுக்க வேண்டிக்கொண்டேன், ஒரு தாய் அங்கே காத்திருக்கிறாள் என்று தெரிந்தும் வேண்டினேன், அதைத்தான் இன்றைக்கும் பாதிரியாரிடம் சொல்லி அழுகிறேன் என்றாள் அந்த அம்மாள்.

அப்புறம் ஹெல்கா, சியாமளாவின் படத்தைக் காட்டச் சொன்னாள். அந்த அம்மாள் கண்ணாடி போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பார்த்துவிட்டுப் படத்தின் ஓரத்தில் விரலை வைத்து, இது யார் துணி என்று கேட்டாள்.

நீயும் அந்தப் படத்தை எடுத்துப் பார் அக்கா. ஸ்டுடியோ நாற்காலியில் பிள்ளை உட்கார்ந்திருக்கிறாள். நீ படத்தில் விழக்கூடாது என்று ஒதுங்கி நின்றிருக்கிறாய். ஆனால் அவள் வலது கை உன் சேலைத் தலைப்பை முறுக்கிப் பிடித்திருக்கிறது. நான் எத்தனை தடவை அந்தப் படத்தை முத்தமிட்டிருப்பேன்! முகத்தைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை.

அவள் அம்மா சேலை என்று சொன்னேன்.

ஹெல்கா அதை மொழிபெயர்க்கவில்லை. என்னையே பார்த்தாள். பிறகு எதுவும் கேட்காமல் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அந்தப் பெரியம்மாளுக்கு எப்படிப் புரிந்ததோ, மருதாணி போட்ட என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

கப்பல் கிளம்பிய பிறகு மேல்தட்டில் நின்று இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். படத்தை வாங்கிப் பார்த்தார். பிள்ளை இம்புட்டு இறுக்கிப் பிடிச்சிருக்கு, அந்தக் கையைப் பிரிச்சு நாம வாங்கணுமா என்றார். இங்கே வந்ததும் முதல் வேலையாக, பெட்டி கூடத் திறக்காமல், சின்ன அறையில் தன் கையால் செய்து வைத்திருந்த குட்டிக் கட்டிலைக் கழற்றினார். ஒரு ஆணி வராமல் அரைமணி நேரம் போராடினார். கண் கலங்கியதற்கு அந்த ஆணிதான் காரணம் என்றார். நானும் சரி என்றேன்.

அதனால் சியாமளாவை அனுப்பாதே அக்கா. நாலு பெண்ணில் ஒன்றைக் கொடுத்தால் என்ன குறைந்துபோகும் என்று ஊரில் சொல்வார்கள். தனக்கு மிஞ்சித்தான் தானம். உனக்கு எந்தப் பிள்ளை மிஞ்சியிருக்கிறது? எனக்காக உன் மனசைக் கல்லாக்கிக்கொண்டு எழுதினாய். அந்த மனசு நம் அம்மாவுக்கும் இருந்திருக்காது. தினமும் என் போட்டோவைக் காட்டி அம்மா என்று சொல்லவும், உன்னைப் பெரியம்மா என்று கூப்பிடவும் அவளைப் பழக்குவதாக எழுதியிருந்தாயே, அதைப் படித்தபோது சந்தோஷத்தில் அழுதேன். இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது. இன்றைக்கே அதை நிறுத்து. அவள் வாயால் உன்னை அம்மா என்று கூப்பிடச் சொல்லிக் கேட்டுவிட்டு அப்புறம் அடுப்பை மூட்டு. நான் அவளுக்குச் சித்தி. அது போதும்.

சிவப்புச் செருப்பைப் பாலச்சந்திரனிடம் கொடுத்து அனுப்புகிறேன். மற்ற மூவருக்கும் பாவாடைத் துணியும் வரும். சித்திரையில் இவருக்கு லீவு கிடைக்கும், வந்து ஒரு மாதம் இருப்போம். என்னைப் பார்த்து அவள் உன் பின்னால் ஒளிந்துகொண்டால் திட்டாதே.

கடைசியாக ஒன்று கேட்கிறேன் அக்கா. உன்னை எனக்குத் தெரியும். இதைப் படித்துவிட்டு, பரவாயில்லை நாகு, நான் மனசாரத்தான் தருகிறேன், கூட்டிக்கொள் என்று மறுபடியும் எழுதுவாய். எழுதாதே. ஒரு தடவை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இன்னொரு தடவை சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

பிள்ளைகள் நால்வரும் உன் மடியிலேயே நூறு வருஷம் நன்றாக இருக்க நெல்லையப்பரையும் காந்திமதியம்மனையும் வேண்டும்,

உன் தங்கை,
நாகலட்சுமி