எட்டுப் பித்தளைக் கிளிப்

பாம்பூ ஊருக்குக் கொஞ்ச தூரம் முன்னால் இன்று பேருந்து நின்றுவிட்டது. ரேடியேட்டர் குழாய் கழன்றிருந்தது. கொதிநீரில் வெந்த ரப்பர் வாடை. எல்லோரும் இறங்கிக் கரும்புக்காட்டின் ஓரமாக நின்றோம். "முருகா முருகான்னுதான் ஏறினேன், பாதியிலயே இறக்கிவிட்டுட்டான்" என்றாள் ஒருத்தி. ஓட்டுநர் குழாயின் கழுத்தில் வேறொரு கிளிப்பை மாட்டித் திருகினான். தண்ணீர் ஊற்றினான். மறுபடி ஏறினோம்.

உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்துகொண்டிருந்தேன், நண்பா.

காருக்கு இவ்வளவுதான் என்பாய். "கார்ல கிளிப் விட்டா தண்ணி வெளிய போகும். நீ நடந்து வீடு சேரலாம். படகுல விட்டா கடல் உள்ள வரும்." இந்தத் தீவின் க்ரியோலில்தான் சொன்னாய், உன் தமிழ் கோயிலோடு சரி. சென்னையில் படிக்கப்போய்ச் சேர்த்துக்கொண்ட தமிழில் நான் எழுதுகிறேன். இதில் ஒரு வரிகூட உனக்குப் படிக்க வராது. அதனால்தான் எழுத முடிகிறதோ என்னவோ.

அந்தச் சனிக்கிழமை. மீனவர் ஆந்த்வானின் படகில் ஒரு பழைய கார் எஞ்சினைப் பொருத்திக்கொண்டிருந்தாய். எஞ்சினைக் குளிர்விக்க ஒரு குழாய் கடல்நீரை உள்ளே இழுக்கும், இன்னொன்று வெளியே தள்ளும். வலை போட அனுமதிக்கும் பருவம் தொடங்க இன்னும் நான்கு நாள். நான் போர்ட் லூயிஸில் பள்ளி ஆசிரியர், இங்கத்திய பேச்சில் ப்ரொஃபெசர்; பள்ளி முடிந்து வரும்போது உன் கராஜுக்குச் சாமான் வாங்கி வருவது வழக்கம். எட்டுப் பித்தளைக் கிளிப், துறைமுகக் கடையில் மட்டும் வாங்கு என்று எழுதிக் கொடுத்திருந்தாய்.

நான் துறைமுகத்துக்குப் போகவில்லை.

வெயில். சனிக்கிழமையும் பள்ளிக்குப் போய்க் காலையிலிருந்து நூறு கட்டுரைகள் திருத்தியிருந்தேன். நான்கு மணிப் பேருந்து. நிலையத்துக்கு எதிரே கார் சாமான் கடை இருந்தது. கிளிப்புகள் வெள்ளியாய் மின்னின. எட்டு வாங்கினேன்.

நீ சட்டைப்பையிலிருந்து காந்தத்தை எடுத்து வைத்தாய். ஒட்டிக்கொண்டது.

"இது இரும்பு. மேல பூச்சு. உப்புத்தண்ணி தின்னுடும்."

"துறைமுகத்துல பித்தளை இல்லை. ரெண்டு மாசம் கழிச்சுக் கப்பல் வருமாம்."

எவ்வளவு சுலபமாக வந்தது. நீ என் முகத்தைப் பார்க்கக்கூட இல்லை, ஆந்த்வானைத்தான் பார்த்தாய். அவர் வலையை வெளியே எடுத்து வைத்தாகிவிட்டது. "சரி. ஒவ்வொரு முனைக்கும் ரெண்டு போடறேன். பித்தளை வந்ததும் மாத்திடணும், தோந்தோன்." இங்கே பெரியவர்களை எல்லோரும் அழைப்பதுபோலத்தான் நீயும் அவரை அழைத்தாய். அவர் சிரித்தார். "மீன் பிடிக்கவிடுப்பா முதல்ல."

ஏழு வாரம். கிளிப் பட்டையின் அடியில், கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில், துரு தின்றிருந்தது. கிளிப் விட்டது, கடல் உள்ளே வந்தது. ஆந்த்வானும் மகனும் பாறைத்திட்டைப் பிடித்துக்கொண்டு பிழைத்தார்கள். படகு பிழைக்கவில்லை.

"அந்த மத்ராஸ்காரன் என் படகுல கார்ச் சாமானைப் போட்டான்" என்றார் ஆந்த்வான். இங்கே தமிழன் என்றாலே மத்ராஸ்காரன்தான். கரை முழுவதும் அந்தப் பேச்சு. நீ மறுக்கவில்லை. "ஆமா, நான்தான் போட்டேன்" என்றாய். நான் அருகில்தான் நின்றேன். அதன் பிறகு ஒரு படகு எஞ்சின்கூட உன்னிடம் வரவில்லை. படகு எஞ்சின்தான் உனக்குப் பிடித்த வேலை. மிச்ச வருடங்களெல்லாம் எஸ்டேட் லாரிகளின் அடியில் படுத்திருந்தாய்.

எனக்குப் பட்டியல் கொடுப்பதையும் நிறுத்தினாய். "உனக்கு எதுக்கு அலைச்சல்? நானே போய்க்கிறேன்." அதை அன்பு என்று எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொள்ள வசதியாக இருந்தது.

இன்று உன் வீட்டில் சாம்பிராணி, ஓதுகிறவரின் குரல், கொல்லையில் பெரிய அண்டாக்கள். உன் மனைவி அண்டா அருகில் நின்றாள். சொல்லிவிட்டேன். துறைமுகத்துக்குப் போகவில்லை என்று மட்டும்.

அவள் கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"தெரியும், அண்ணா. படகு போன மறுநாளே அவர் துறைமுகக் கடைக்குப் போனார். பித்தளை பெட்டி நிறைய இருந்துச்சாம், ஒருநாளும் தீரலையாம்."

"என்கிட்ட கேக்கவே இல்லையே."

"நீங்களா சொல்வீங்கன்னு இருந்தார். கொஞ்ச நாள். அப்புறம் அதையும் விட்டுட்டார்." ரசத்தைக் கலக்கினாள். "எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? பெஞ்சுக் கடைசியில உக்காந்திருக்கார் பாருங்க, அவர்கிட்ட போய்ச் சொல்லுங்க."

ஆந்த்வான் வந்திருந்தார். நல்ல சட்டை போட்டு, வாழை இலையில் விரல்களால் பழக்கமில்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன். சொன்னேன். இந்த முறை அன்று சொன்ன பொய்யையும் சேர்த்து. களைப்பு, வெயில், நான்கு மணிப் பேருந்து எதையும் சொல்லவில்லை.

அவர் வாயில் இருந்ததை மென்று விழுங்கினார். அடுத்த பெஞ்சில் யாரோ சுதந்திரம் வந்தால் சர்க்கரை விலை என்னாகும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எத்தனை வருஷமாச்சு, ப்ரொஃபெசர்?"

"மூணு."

"என்கிட்ட இப்ப வேற படகு இருக்கு. அதுல வேற எஞ்சின். போன மாசம் வழியில நின்னுபோச்சு. இவன் கராஜ் வாசல் வழியாத்தான் படகை வண்டியில ஏத்தி இழுத்துக்கிட்டு வேற ஆள்கிட்ட போனேன். இவன் வெளிய வந்து நின்னு பார்த்தான்." இலையை மடித்தார். "நீ போன மாசம் சொல்லியிருந்தா, இங்க நிறுத்தியிருப்பேன்."

எழுந்து கை கழுவப் போனார்.

நீ கராஜ் வாசலில் நின்று அந்தப் படகைப் பார்ப்பது எனக்கு இப்போது தெரிகிறது. நான் பார்க்காத காட்சி. நானிருக்கும்வரை இனி அது என்னிடம்தான்.