நெளிநெளிப் பெட்டி

மெர்லின் அப்பாவுக்கு,

மொச்சைக் குழம்பு அடுப்பு மேல் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள்ளுங்கள். நான் திராட்சைத் தோட்டத்துக்குப் போகிறேன். பெட்டி ஏற்ற ஏஜெண்ட் இமானுவேல் அண்ணன் எட்டு மணிக்கு வந்தால் டீ கொடுத்து அங்கே அனுப்பிவிடுங்கள்.

நேற்று அவர் முன்னால், "பெட்டியில என் பேர எழுது. இந்தக் கோணக் கோட்டப் பாத்து நாலு பேரு சிரிக்கிறாக" என்றீர்கள். சிரிக்கட்டும். இன்றைக்கு நாற்பது பெட்டியிலும் அதைத்தான் போடப்போகிறேன். மார்க்கரைத் தேடாதீர்கள், என்னிடம் இருக்கிறது.

அதற்குப் பெயர் கோணக் கோடு இல்லை, நெளிநெளி. நம் மகள் வைத்த பெயர். இடியாப்பம், குமுளி மலை ரோடு, என் சுருட்டை முடி எல்லாமே அவளுக்கு நெளிநெளிதான். பெட்டியில் போட்டால் ஒரே அர்த்தம்: ஒவ்வொரு குலையையும் நானே திருப்பிப் பார்த்து, அழுகலைக் கத்தரித்துவிட்டு அடுக்கினேன். மேலே நல்லதை வைத்து அடியில் சொத்தையை மறைக்கவில்லை. இதைக் கோட்டயத்துக் கடைக்காரரிடம் ஒரு தடவை போனில் சொன்னேன். அதிலிருந்து அவர் உங்கள் பெயரையா கேட்கிறார்? "நெளிநெளிப் பெட்டி உண்டோ?" என்றுதானே கேட்கிறார்.

வீட்டுச் சாவி ஆணியில் மாட்டியிருக்கிறது.

— அருள்செல்வி

மறந்துவிட்டேன்: நீங்கள் தூங்கும்போது உங்கள் வலது கையிலும் ஒரு நெளிநெளி போட்டிருக்கிறேன். சோப்புக்குப் போகாது. உங்களையும் நான் பார்த்துத்தான் எடுத்தேன், அடியில் அழுகல் இல்லை. அண்ணனுக்கு அந்தக் கையாலேயே டீ கொடுங்கள்.